முண்டக்கை, சூரல்மலை: சரிஞ்சது ஒரு இடம், புதைஞ்சது வேற இடம்

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவு சம்பவத்த பத்தி எவ்ளோவோ எழுதியாச்சு, வீடியோவும் எக்கச்சக்கமா வந்தாச்சு. ஆனா வியாசர்பாடி படிப்பகத்துல சனிக்கிழமை சாயந்தரம் பசங்களோட உக்காந்து அந்த மேப்ப பிரிச்சு பாத்தப்போ ஒரே ஒரு விஷயம்தான் எல்லாருக்கும் தொண்டையில நின்னுச்சு, அத வச்சுதான் இந்த கேஸ முழுசா எழுதுறேன். மலை சரிஞ்ச இடத்துல ஒரு வீடு கூட இல்ல, அங்க காடு. உயிர் போனவங்க எல்லாம் அதுக்கு கிலோமீட்டர் கணக்குல கீழ, ஓடை ஓரத்துல, அவங்க அவங்க வீட்டுல தூங்கிட்டு இருந்தவங்க. அப்போ ஆபத்தான இடம்னு நாம எத சொல்லணும், சரியற மலையவா, இல்ல அது வந்து சேர்ற ஊரயா?

முதல்ல நடந்தது என்னன்னு பாத்துடலாம். மேப்பாடி பஞ்சாயத்து, வைத்திரி தாலுகா. மேல இருந்து கீழ வர்ற வரிசையில புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை. மூணும் ஒரே தண்ணி வழியில இருக்கிற ஊருங்க, புன்னப்புழா வழியா அந்த தண்ணி சூச்சிப்பாறை அருவி தாண்டி இறங்கி சாலியாறுல போய் சேரும். ராத்திரி 1 மணியில இருந்து 2 மணிக்குள்ள சரிவு முதல் தடவ வந்துச்சு, விடியக்காலம் 4 மணி வாக்குல திரும்ப வந்துச்சு. சூரல்மலை பாலம் போயிடுச்சு, அதனால முண்டக்கை பக்கம் உயிரோட இருந்தவங்ககிட்ட கூட யாராலயும் போக முடியல. ராணுவத்தோட பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் வந்து, இரும்புத் துண்டுங்கள கோத்து சீக்கிரமா போடற பெய்லி பாலம் ஒண்ண 190 அடிக்கு போட்டு ஆகஸ்ட் 1 சாயந்தரம் முடிச்ச பிறகுதான் பெரிய மெஷின் எல்லாம் அந்தப்பக்கம் போச்சு. 250 பேருக்கு மேல இறந்துட்டாங்க. நிறைய உடல்கள் மலப்புறம் மாவட்டத்துல, நிலம்பூர் பக்கம் சாலியாத்துல கிடைச்சுது. சம்பவம் நடந்த இடத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மலைச்சரிவே இருக்கு.

இஸ்ரோவோட தேசிய தொலையுணர்வு மையம், ஹைதராபாத்ல இருக்கிறது, கார்ட்டோசாட்-3, ரிசாட் செயற்கைக்கோள் படங்கள வச்சு பாத்து சொன்னது இது: சரிவு ஆரம்பிச்ச உச்சி கடல் மட்டத்துல இருந்து 1,550 மீட்டர். பேந்து வந்த பரப்பு 86,000 சதுர மீட்டர், நம்ம கணக்குல 21 ஏக்கர் சொச்சம். அது ஓடின தூரம் சுமார் 8 கிலோமீட்டர். வழியில ஆத்தோட அகலத்தையே பெருசாக்கி கரைய ஒடச்சு வீடுங்கள எடுத்துட்டு போயிருக்கு. அதே இடத்துல முன்னாடியே ஒரு பழைய சரிவோட தழும்பு இருந்ததும் அந்த படங்கள்ல பதிவாகியிருக்கு.

21 ஏக்கர், 8 கிலோமீட்டர். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. 21 ஏக்கர் மண்ணு சரிஞ்சு கீழ குவிஞ்சிருந்தா அது ஒரு நிலச்சரிவு, அவ்ளோதான், காட்டுக்குள்ளயே முடிஞ்சிருக்கும். இது 8 கிலோமீட்டர் ஓடியிருக்கு. அப்படி ஓடறதுக்கு பேருதான் டெப்ரிஸ் ஃப்ளோ. தண்ணி, சேறு, கல்லு, பாறை, மரம் எல்லாம் ஒண்ணா கலந்து ஓடை வழிய பிடிச்சு இறங்கற ஓட்டம். கேரளாவுல உருள்பொட்டல்னு சொல்லுவாங்க. நம்ம நியூஸ்ல எல்லாத்தையும் நிலச்சரிவுன்னு ஒரே டப்பாவுல போட்டுடறாங்க, அதனாலயே இந்த ஓட்டம் எங்க வரைக்கும் வரும்ங்கற கேள்விய யாரும் கேக்காமயே போயிடுது.

எங்க தெருவுல ஒரு அக்காவோட சொந்தக்காரங்க மேப்பாடி பக்கம் ரெண்டு தலைமுறையா எஸ்டேட்ல இருக்காங்க. அந்தப்பக்கம் தமிழ் குடும்பங்க நிறைய, தேயிலைக்கு கூட்டிட்டு போனவங்களோட பேரப்பிள்ளைங்க. அந்த அக்கா என்கிட்ட கேட்டது, "மலை எங்கயோ இருக்குது, இவங்க வூடு எங்கயோ இருக்குது, நடுவுல டீ தோட்டமே அவ்ளோ தூரம் கெடக்குது, அது எப்டி தம்பி நேரா வூட்டுக்கு வரும்?" நான் சொன்னேன், "நேரா வரலக்கா, ஓடை வழியா வந்துச்சு." அத கேட்டுட்டு, "ஓடை சின்னதா தானே இருக்கும்"னாங்க. அந்த ஒரு கேள்விக்குள்ளதான் இந்த கேஸோட முக்கால்வாசி இருக்கு.

மேல இருந்த குழிவு

மலை முகம் பூரா ஒரே மாதிரி சரிவு கிடையாது. வெளிய துருத்திக்கிட்டு நிக்கிற பாகமும் உள்ள குழிஞ்சு போன பாகமும் மாறி மாறி வரும். அந்த குழிஞ்ச பாகத்துல ஓடை இன்னும் ஆரம்பிச்சிருக்காது, சும்மா பாத்தா மரமும் புதருமா ஒரு பள்ளம், அவ்ளோதான் தெரியும். ஆனா மேல இருந்து உதிர்ற மண்ணும் கல்லும் ஆயிரக்கணக்கான வருஷமா அங்கதான் வந்து சேருது. மண்ணுக்கடியில ஊறி வர்ற தண்ணியும் ரெண்டு பக்கத்துல இருந்தும் அங்கதான் வந்து கூடுது. ஒரே மழை பேஞ்சாலும் துருத்தின பாகம் சீக்கிரம் வடிஞ்சிடும், குழிஞ்ச பாகம் நிரம்பிக்கிட்டே இருக்கும். மேப்புல உயரக்கோடுங்க எங்கெல்லாம் மேல்பக்கமா வளைஞ்சு உள்ள போகுதோ அதெல்லாம் இந்த மாதிரி இடம்தான்.

சரிவோட கோணமும் முக்கியம். பொதுவா 25 டிகிரிக்கு கீழ இருந்தா மண்ணு லேசுல புறப்படாது, 45 டிகிரிக்கு மேல போனா அங்க மண்ணே தங்காது, வெறும் பாறைதான் நிக்கும். நடுவுல இருக்கிற கோணம்தான் வில்லங்கம், மண்ணு தங்கவும் செய்யும், புறப்படவும் செய்யும். வயநாட்டோட அந்த தெற்கு ஓரத்துல வெள்ளரிமலை, செம்ப்ரா வரிசை எல்லாம் அடியில சார்னோக்கைட், நைஸ் மாதிரி கெட்டியான பழைய பாறை, அதுக்கு மேல மழையிலயும் வெயில்லயும் மக்கிப்போன மண்ணு, சில இடத்துல ரொம்ப கனமான அடுக்கு. தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும், பாறை வந்ததும் நின்னுடும், அதுக்கு மேல போக வழி இல்ல. அந்த பாறைக்கும் மண்ணுக்கும் நடுவுல தண்ணி மட்டம் ஏற ஆரம்பிக்கும்.

மண்ணு சரிவுல நிக்கிறதே ஒரு மண்ணு துகளுக்கும் இன்னொரு துகளுக்கும் இருக்கிற உரசல்னாலதான், கூடவே வேரும் களிமண்ணும் கொஞ்சம் பிடிச்சிருக்கும். இடுக்கு எல்லாம் தண்ணி நிரம்பிடுச்சுன்னா மேல இருக்கிற எடைய துகளுக்கு பதிலா தண்ணி தாங்க ஆரம்பிச்சிடும். துகளுங்களோட இறுக்கம் கொறையுது, உரசலும் கொறையுது. எடையோ கூடிக்கிட்டே போகுது. ஒரு கட்டத்துல கீழ இழுக்கிற விசை ஜெயிச்சிடும். அந்த நொடி மண்ணு தளர்வா இருந்துச்சுன்னா, அசைஞ்சதும் சுருங்கும், சுருங்கும்போது உள்ள இருக்கிற தண்ணிக்கு வெளிய போக நேரம் கிடைக்காது, மொத்த கட்டியும் சில நொடியில கூழா மாறிடும். சரிவா இருந்தது ஓட்டமா மாறுறது இந்த இடத்துலதான். நிறைய சரிவுங்க இந்த கட்டத்துக்கு வராமயே பத்து மீட்டர், அம்பது மீட்டர் நகர்ந்து நின்னுடும். இது நிக்கல, ஏன்னா கீழ நேரா செங்குத்தான ஓடை காத்துக்கிட்டு இருந்துச்சு.

காட்ட அழிச்சதாலதான் இப்படி ஆச்சுன்னு ஒரே வரியில முடிக்கிறவங்க நிறைய. காடு இருக்கணும்ங்கறதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. மேலாப்புல ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் மண்ணுக்கு வேர் பெரிய பலம், மேற்குத் தொடர்ச்சி மலைய ஆராய்ஞ்ச கட்கில் குழு வைத்திரி தாலுகாவ 2011லயே முதல் நிலை சூழல் உணர்திறன் மண்டலத்துல வச்சதுக்கு காரணம் இருக்கு. ஆனா இந்த கேஸ்ல உச்சி இருந்ததே காட்டுக்குள்ள. வேர் போகாத ஆழத்துல தண்ணி அழுத்தம் ஏறி சரிஞ்சா மேல மரம் நின்னாலும் மரத்தோட சேத்துதான் வரும், அந்த மரமே கீழ போய் பாலத்துல அடைச்சுக்கும். காரணத்த ஒண்ணா சுருக்கிட்டா அடுத்த இடத்துல "இங்க காடு நல்லாதானே இருக்கு"ன்னு நிம்மதியா இருந்துடுவோம், எனக்கு அதுதான் பயம்.

இன்னொண்ணும் சொல்லணும். மண்ணுக்கடியில குழாய் வழிங்க உண்டாகறது கேரளா மலைங்கள்ல பல இடத்துல பதிவாகியிருக்கு. கெட்டியான மேல்மண்ணுக்கு கீழ மெதுவான களி அடுக்க தண்ணி கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு ஆள் நுழையற அளவுக்கு கூட வழி ஆக்கிடும். 2019 ஆகஸ்ட் 8ல இதே மேப்பாடி பக்கம் புத்துமலையில 17 பேர் இறந்தப்போ இந்த மாதிரி மண் அரிப்பு காரணமா இருந்ததா சொன்னாங்க. புத்துமலை சூரல்மலையில இருந்து ஒண்ணும் தூரம் இல்ல, சில கிலோமீட்டர்தான்.

மழை எவ்ளோ, எங்க, எதுக்கு மேல

இப்போ மழைக்கு வருவோம், நம்ம ஊர்க்காரங்களுக்கு குழப்பம் வர்றது இங்கதான். மேப்பாடி பக்கம் கல்லாடியில இருந்த மழைமானி ஜூலை 29ல 200 மி.மீ., 30ல 372 மி.மீ., ரெண்டு நாள்ல 572 மி.மீ. காட்டுச்சு. பசங்க கேட்டாங்க, 2015 டிசம்பர் 1-2ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ., நுங்கம்பாக்கத்துல 29 செ.மீ. பேஞ்சுதே, மிக்ஜாம்ல நம்ம ஏரியாவுல நாள் கணக்குல தண்ணி நின்னுச்சே, அதுவும் இதுவும் ஒரே அளவு மழைதானே? அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா நம்ம கொடுங்கையூர் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் ஓடற நிலத்துக்கு சரிவே கிடையாது, கடல் மட்டத்துல இருந்து சில மீட்டர் உயரம்தான், தண்ணிக்கு போக மனசு இருந்தாலும் இறக்கம் இல்ல. அதனால நம்மகிட்ட மழை நின்னு கொல்லுது, மெதுவா, கரண்ட் ஷாக்குலயும் வீட்டுக்குள்ள மாட்டியும். அங்க அதே மி.மீ. உயரத்துல போய் உக்காருது. ஒரு சதுர கிலோமீட்டர்ல 572 மி.மீ.ன்னா 57 கோடி லிட்டர். அத நூத்துக்கணக்கான மீட்டர் உயரத்துல, மண்ணுக்குள்ள தேக்கி வச்சா அது எவ்ளோ பலம்னு யோசிங்க.

இதுல ரெண்டாவது சிக்கல், மழை எந்த இடத்துல அளக்கப்பட்டுச்சுங்கறது. அந்த நாளைக்கு பெரிய பரப்புக்கு சராசரி எடுத்தா 140 மி.மீ. சொச்சம்தான் வருது. கல்லாடியில 372. கடல்ல இருந்து வர்ற தென்மேற்கு காத்து அந்த வரிசையில போய் மோதி மேல ஏறும்போது குளுந்து கொட்டுது, முகட்டுல ஒரு அளவு, பத்து கிலோமீட்டர் உள்ள போனா பாதி கூட இருக்காது. மாவட்ட சராசரிய பாத்து முடிவெடுத்தா முகட்டுல நடக்கிறது கண்ணுக்கே தெரியாது. கல்பெட்டாவுல இருக்கிற ஹியூம் மையம்னு ஒரு சூழலியல் அமைப்பு விவசாயிங்க, ஊர்க்காரங்க மூலமா மாவட்டம் பூரா மழைமானி வச்சு தினமும் அளவு வாங்குறாங்க. மழைமானிங்கறது பெரிய சமாச்சாரம் இல்ல, ஒரு புனல், ஒரு அளவு குடுவை, தினமும் காலையில 8:30க்கு பாத்து எழுதுற ஒரு ஆள். அந்த ஆள் எத்தன ஓடைக்கு மேல இருக்காருங்கறதுதான் விஷயம்.

எவ்ளோ மழைக்கு சரியும்னு கணக்கு இருக்கான்னா, இருக்கு, ஆனா ஜாக்கிரதையா பயன்படுத்தணும். நெல் கெய்ன்னு ஒரு ஆய்வாளர் 1980ல உலகத்துல பல இடத்து சம்பவங்கள சேத்து ஒரு கோடு போட்டார். மழை பேஞ்ச மணி நேரத்த 0.39 அடுக்குக்கு ஏத்தி, 14.82ங்கற எண்ண அதால வகுத்தா மணிக்கு எத்தன மி.மீ. பேஞ்சா சரிவு ஆரம்பிக்க வாய்ப்புன்னு வரும். 48 மணி நேரத்துக்கு போட்டு பாத்தா மணிக்கு 3.3 மி.மீ. கிட்ட, ரெண்டு நாளைக்கு 157 மி.மீ. கல்லாடியில அதுக்கு மூணரை மடங்குக்கு மேல பேஞ்சிருக்கு. சரி, அப்போ 157 தாண்டினா ஓடணுமான்னா, மேற்குத் தொடர்ச்சி மலையோட அந்த முகத்துல ஒரு சீசன்ல பல தடவ ரெண்டு நாள்ல அவ்ளோ மழை வந்து போகும், ஒண்ணும் ஆகாது. வழக்கமா வாங்கற மழைக்கு மலை ஏற்கனவே பழகி, சரிய வேண்டியதெல்லாம் எப்பவோ சரிஞ்சு போயிருக்கும். அந்த இடத்தோட வழக்கத்த மீறினாதான் பிரச்சனை. அதனாலதான் உலகத்துக்கு ஒரே கோடு உதவாது, ஒவ்வொரு மலைக்கும் அதோட சொந்த பழைய பதிவ வச்சு கோடு போடணும், அதுக்கு பல வருஷ மழைக்கணக்கு வேணும்.

மூணாவது, முன்னாடி பேஞ்சது. 2024ல கேரளாவுல தென்மேற்கு பருவமழை மே 30ல தொடங்குச்சு. ஜூலை கடைசிக்கு ரெண்டு மாசம் நனைஞ்ச மண்ணு. 29ஆம் தேதி 200 மி.மீ. பேஞ்சதும் மண்ணுல காலி இடமே இல்லாம போயிருக்கும், அதுக்கு மேல வந்த 372தான் தண்ணி மட்டத்த ஏத்தியிருக்கும். இதே 372 கோடையில காஞ்ச மண்ணுல பேஞ்சிருந்தா கதை வேற மாதிரி போயிருக்கலாம். பருவநிலை மாற்றத்தால அந்த ஒரு நாள் மழை சுமார் 10 சதவீதம் கூடியிருக்குன்னு வேர்ல்ட் வெதர் அட்ரிப்யூஷன்ங்கற ஆய்வுக் குழு ஆகஸ்ட்லயே கணக்கு வெளியிட்டாங்க. 10 தானேன்னு தோணும். நிரம்பின மண்ணுக்கு கடைசி 10தான் கணக்கு.

சின்ன ஓடை எப்படி பெருசாச்சு

அந்த அக்கா கேட்டது இதுதான். ஓடையில இறங்கின கூழ் சும்மா இறங்கல. செங்குத்தான ஓடையோட அடியில, கரையில காலங்காலமா கிடக்கிற கல்லு, மண்ணு, விழுந்த மரம் எல்லாத்தையும் அரிச்சு எடுத்துக்கிட்டே வரும். மேல புறப்பட்ட அளவ விட கீழ வந்து சேர்ற அளவு பல மடங்கு ஆகறது டெப்ரிஸ் ஃப்ளோவுல சாதாரணம். ஓடை எவ்ளோ செங்குத்தா இருக்கு, அதோட அடியில எவ்ளோ சரக்கு கிடக்கு, இந்த ரெண்டும்தான் அது எவ்ளோ பெருசா வரும்னு முடிவு பண்ணுது.

தண்ணியில அவ்ளோ பெரிய பாறை எப்படி மிதந்து வந்துச்சுன்னு வீடியோ பாத்த எல்லாரும் கேட்டோம். நம்ம பக்கம் மெட்ரோ வேலைக்கு போற ரெடிமிக்ஸ் லாரி சரிவுல கொட்டும்போது கான்கிரீட் எப்படி இறங்கும்னு பாத்திருப்பீங்க, கெட்டியாவும் இருக்கும், ஓடவும் செய்யும், இதுவும் அந்த பதம்தான். இதோட அடர்த்தி தண்ணிய போல ரெண்டு மடங்கு வரைக்கும் போகும். பாறையோட அடர்த்தி 2.7. கணக்கு போட்டா, ஒரு டன் பாறை வெறும் தண்ணிக்குள்ள 630 கிலோ கனக்கும், ரெண்டு மடங்கு அடர்த்தியான கூழுக்குள்ள 260 கிலோதான். முக்கால் எடைய கூழே தூக்கிக்குது. மேற்கொண்டு, ஓட்டத்துல கல்லுங்க ஒண்ணோட ஒண்ணு முட்டும்போது சின்னது இடுக்குல கீழ இறங்கும், பெருசு மேல வந்து முன்னாடி தள்ளப்படும். அதனால முதல்ல வந்து மோதுறதே பெரிய பாறைங்களும் மரங்களும்தான், பின்னாடிதான் சேறு. ஒரே வீச்சா வராம அலை அலையா வரும். வேகம் நொடிக்கு பத்து மீட்டர் தாண்டலாம், நம்ம ரோட்டுல பைக் போற வேகம். அந்த இருட்டுல, தூக்கத்துல இருந்து எழுந்து ஓட யாரால முடியும்?

வளைவுங்கள்ல இது தண்ணி மாதிரி அடங்கி திரும்பாது, வெளிக்கரை பக்கம் உயர ஏறி தாவிடும். ஆத்துல இருந்து "தள்ளி" இருந்த வீடுங்க போனதுக்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், பள்ளத்தாக்கு குறுகின இடத்துல மரமும் பாறையும் அடைச்சு தற்காலிகமா அணை மாதிரி தேங்கி அப்புறம் ஒடைஞ்சது. பேரிடர் ஆணையம் அனுப்பின நிபுணர் குழு இந்த அடைப்பும் உடைப்பும்தான் அழிவ பெருசாக்குச்சுன்னு சொல்லியிருக்கு. அடைப்பு ஒடையும்போது வர்ற அலைக்கு, மேல மழை எத்தன மி.மீ.ங்கறதோட சம்பந்தமே இல்ல. மழை விட்ட பிறகு கூட வரலாம். ரெண்டு தடவைக்கு நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு மூணு மணி நேரம் இடைவெளி இருந்துச்சு, முதல் தடவ தப்பிச்சவங்கள்ல சிலர் ரெண்டாவதுல மாட்டினாங்க. இத எழுதும்போதே கஷ்டமா இருக்கு.

சமதளம் ஏன் அங்க இருக்கு

படிப்பகத்துல போன்ல சேட்டிலைட் படத்த பெருசு பண்ணி ஒரு பையன்கிட்ட குடுத்தேன், வெள்ளார்மலை ஸ்கூல் கட்டடத்துல விரல வச்சு தண்ணி வர்ற வழிய பிடிச்சு மேல போன்னு. அவன் விரல் ஆத்த பிடிச்சு போச்சு, பிரியற இடத்துல நின்னான், இடது வலது ரெண்டையும் பாத்தான், பச்சை மூடியிருந்துச்சு, ஒண்ண தேர்ந்தெடுத்து மேல போனான், கடைசியில மண்ணு நிறத்துல கிழிஞ்ச மாதிரி இருந்த குழிவுல போய் நின்னான். அப்புறம் அவனா கேட்டான், "அண்ணா, மத்த பிரிவுங்களோட உச்சியிலயும் இதே மாதிரி குழிவு இருக்கே?" ஆமா. இருக்கு. அதுதான் விஷயமே.

மலைப் பள்ளத்தாக்குல வீடு கட்ட, ஸ்கூல் கட்ட, கடை போட சமமான இடம் அபூர்வம். ஓடை குறுகி வந்து சட்டுன்னு விரியற இடத்துல, சரிவு கொறையற இடத்துல கொஞ்சம் சமதளம் இருக்கும், தண்ணியும் பக்கத்துல. ஊர் அங்கதான் உக்காரும், எஸ்டேட் தொழிலாளிங்களுக்கு வரிசை வீடா கட்டற லயமும் அங்கதான் கட்டுவாங்க. ஆனா அந்த சமதளம் எப்படி வந்துச்சு? பல இடத்துல, பழைய ஓட்டங்க வேகம் அடங்கி கொட்டிட்டு போன சரக்குதான் அது. தரையில அங்கங்க வீட்டளவு பாறை தனியா உக்காந்திருந்தா, மண்ண வெட்டினா பெருசு சின்னது எல்லாம் கலந்து ஒழுங்கே இல்லாம கிடந்தா, அது ஆறு மெதுவா படிய வச்ச மண்ணு இல்ல. முண்டக்கையில 1984லயே ஒரு சரிவு உயிர் வாங்கியிருக்கு.

2020 ஆகஸ்ட் 6ல மூணார் பக்கம் பெட்டிமுடியில நடந்ததும் இதே கணக்கு. 70 பேர், பெரும்பாலும் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்து சொந்தங்க, லயத்துல ராத்திரி தூங்கிட்டு இருந்தவங்க. மேல இருந்து ஓடைக்குழிவு வழியா வந்து லயம் இருந்த தட்டுல இறங்குச்சு. இந்த லயத்த எங்க கட்டணும்னு அந்த தொழிலாளிய யாரும் கேட்கல. இவங்க ஏன் அங்க போய் வீடு கட்டினாங்கன்னு கமெண்ட் போடறவங்க இத ஒரு நிமிஷம் யோசிக்கணும்னு கேட்டுக்கறேன்.

நம்ம பக்கத்துலயே 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரைய கடந்த மறுநாள், திருவண்ணாமலை வ.உ.சி நகர்ல மலையடிவார வீடு புதைஞ்சு அஞ்சு குழந்தைங்க உட்பட 7 பேர் போனாங்க. அது 8 கிலோமீட்டர் ஓட்டம் இல்ல, ரொம்ப சின்னது, ஆனா மேல குழிவு, நடுவுல தண்ணி வழி, கீழ வீடுங்கற வரிசை மட்டும் மாறல.

எச்சரிக்கை எதுக்கு குடுத்தாங்க

29ஆம் தேதி வயநாட்டுக்கு ஆரஞ்சு அலர்ட் இருந்துச்சு, அதாவது 115 மி.மீ.ல இருந்து 204 மி.மீ. வரைக்கும் எதிர்பார்க்கலாம்னு. ரெட் வந்தது 30 காலையில, எல்லாம் முடிஞ்ச பிறகு, கேரள முதல்வரே இத வெளிப்படையா சொன்னார். யார் மேல தப்புன்னு நாடாளுமன்றம் வரைக்கும் சண்ட போனது எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள நான் போகல. என் கவலை வேற. ரெட்டே முன்கூட்டி வந்திருந்தாலும் அது மாவட்டத்துக்கு வர்ற அலர்ட். சூரல்மலை கடைத்தெருவுல இருக்கிறவருக்கு "உங்க தலைக்கு மேல சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிற குழிவு நிரம்பிடுச்சு, இந்த ஓடை ஓரத்துல இருக்கிறவங்க மட்டும் இப்போ கிளம்புங்க"ன்னு அது சொல்லாது. இஸ்ரோ 2023ல போட்ட நிலச்சரிவு அட்லஸ்ல 147 மாவட்டத்துல வயநாடு 13வது இடம். மாவட்டத்துக்கு ரேங்க் தெரியுது, ஓடைக்கு தெரியல.

ஜப்பான்ல இத ஓடை வாரியா பண்றாங்க. 1999ல ஹிரோஷிமாவுல நிலச்சரிவுல அடி வாங்கின பிறகு சட்டம் கொண்டு வந்து 2001ல அமலாச்சு. டெப்ரிஸ் ஃப்ளோ வரக்கூடிய ஓடை மலைய விட்டு வெளிய வர்ற வாயில இருந்து, தரை சரிவு 2 டிகிரிக்கு கொறையற வரைக்கும் இருக்கிற நிலம் பூரா மஞ்ச மண்டலம், அதுக்குள்ள வீடு நொறுங்கற அளவு விசை வரக்கூடிய பாகம் சிவப்பு மண்டலம். சரியற மலைய மட்டும் குறிக்காம, வந்து சேர்ற தரைய குறிக்கிறாங்க பாருங்க, எனக்கு வேண்டியது அதுதான். மழையையும் அன்னன்னிக்கு அளவா பாக்காம, மண்ணுக்குள்ள இப்போ எவ்ளோ தண்ணி தேங்கியிருக்கும்னு ஒரு குறியீடு போட்டு அதோட சேத்துதான் அலர்ட் விடறாங்க. அப்படி இருந்தும் 2014 ஆகஸ்ட்ல அதே ஹிரோஷிமாவுல 70 பேருக்கு மேல இறந்தாங்க, பல ஓடைக்கு மண்டலம் குறிக்கிற வேலை அப்போ முடியாமயே இருந்துச்சு. இங்கயும் சும்மா இல்ல, மூணார்ல அமிர்தா பல்கலைக்கழகம் 2009ல இருந்தே மண்ணுக்குள்ள சென்சார் வச்சு தண்ணி அழுத்தத்த பாக்குது, ஆனா அது சில சரிவுக்குதான், எல்லா குழிவுலயும் சென்சார் நட முடியாது. மேப்பு எல்லா ஓடைக்கும் போடலாம். உயரத்தரவு இலவசமா கிடைக்குது, இஸ்ரோவோட கார்ட்டோடெம்ங்கற உயர மேப்பு இருக்கு, இன்ஜினியரிங் காலேஜ் பசங்க லேப்டாப்லயே குழிவையும் ஓடைச்சரிவையும் பிரிச்சு எடுத்துடலாம். நிலத்துல போய் சரிபார்க்கத்தான் ஆள் வேணும், காசு வேணும்.

ஒரு விஷயம் நம்ம ஏரியாவுக்கும் சொல்லணும். மலை இல்லாத ஊர்லயும் மனுஷன் கட்டின மேடு ஓடும். இந்தோனேசியாவுல பாண்டுங் பக்கத்துல லெவிகாஜான்னு ஒரு குப்பைக்கிடங்கு, 2005 பிப்ரவரி 21ல மழைக்கு பிறகு சரிஞ்சு ஓடி 140 பேருக்கு மேல கொன்னுச்சு. கொடுங்கையூர் குப்பைக்கிடங்குல இப்போ பயோமைனிங், அதாவது பழைய குப்பைய தோண்டி பிரிச்சு எடுக்கிற வேலை, நடந்து மேடு கொறையுது, ரொம்ப நல்லது. வேலை நடக்கிற வரைக்கும் வெட்டின முகத்த செங்குத்தா விடாம, மழைத்தண்ணி மேட்டுக்குள்ள தேங்காம, அடியில ஆள் குடியிருக்காம பாத்துக்கணும்.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம். வயநாட்டுக்கு ஆபத்து மாசம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட், நீலகிரியோட கிழக்கு முகத்துக்கு அது இல்ல. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு காத்த பாத்து நிக்குது, 1993 நவம்பர்ல மேட்டுப்பாளையம் ரோட்டுல மரப்பாலத்துல நடந்த சரிவும், 2009 நவம்பர்ல கேத்தி, குன்னூர் பக்கம் 40 பேருக்கு மேல போனதும் அந்த சீசன்லதான். நமக்கு இங்க மழை லீவு விட வைக்கிற அதே காத்தழுத்த சிஸ்டம் நகர்ந்து அங்க போய் கொட்டும். நம்ம ஆளுங்க எத்தன பேருக்கு அங்க சொந்தம் இருக்கு, எத்தன பேர் அந்த மாசத்துல ஊட்டி ரூம் போடுறோம். அங்க இருந்தீங்கன்னா முதல்ல பக்கத்து ஓடை எங்க இருந்து வருதுன்னு போன்ல விரல வச்சு மேல போய் பாத்துடுங்க. ரெண்டு நாளா விடாம மழை, அதுல ஓடை திடீர்னு கொறைஞ்சா அது நிம்மதி இல்ல, மேல எங்கயோ அடைச்சிருக்கு. தண்ணி சட்டுன்னு செம்மண் நிறமாச்சு, பச்சை மண்ணு வாசனை தூக்கலா வருது, கல்லு உருள்ற சத்தம், மரம் முறியற சத்தம் கேக்குதுன்னா பொட்டி படுக்கை எடுக்க நிக்காதீங்க. ஓடை போற திசையில கீழ ஓடக்கூடாது, அது உங்கள விட வேகம். ரோடு ஓடைய கடக்கிற பாலத்து பக்கமும் போகக்கூடாது. ஓடைக்கு குறுக்க, பக்கவாட்டுல, துருத்தின மேட்டு பக்கமா ஏறுங்க, ஏறினவங்க மழை விட்டுடுச்சேன்னு அன்னிக்கு ராத்திரியே கீழ இறங்கிடாதீங்க.